நாற்பது கிலோ அறுநூறு கிராம்

அட்டவணை வந்தது எழுபத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரத்தில். சுருட்டி, அரக்கு முத்திரை வைத்து, தகரக் குழாய்க்குள் வந்தது. பியூன் பக்கிரி அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார். திருப்பி மாட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வராததால் பதினோரு நாள் நாங்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்தே படித்தோம். என் கழுத்து இன்றைக்கும் கொஞ்சம் இடது பக்கம்தான்.

வில்லியனூரில், பழைய ஆட்கள் பிரெஞ்சில் ‘மேரி’ என்று சொல்லும் கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்கட்டில், முன்மாதிரி உடல் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் நான் தட்டச்சர். பிரிவுக்கு அதுவரை பெயர்ப்பலகை இருந்தது, வேலை இல்லை. அட்டவணை வந்ததும் வேலையும் வந்துவிட்டது. இந்த வயதுக்கு இந்த உயரம், இந்த உயரத்துக்கு இந்த எடை என்று பதினெட்டு வயது வரை கட்டம் போட்டிருந்தார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் அச்சாகியிருந்தது: நூற்றைம்பது சென்டிமீட்டர், நாற்பது கிலோ அறுநூறு கிராம்.

திட்ட அலுவலர் மணவாளன் அந்தச் சிவப்பு எண்ணைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

“இப்படி ஒரு பொண்ணு நம்ம ஏரியாவுல இருந்தாகணும். அட்டவணை தப்பா இருக்காது, பொண்ணுங்கதான் தப்பா வளர்ந்திருக்கும். தேடுவோம்” என்றார்.

தேடினோம். எடை மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி, வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். தவளக்குப்பம் சந்திப்பில் வண்டி நின்றபோது கடலூர் பஸ்சில் இருந்தவர்கள் இறங்கி வரிசையில் நின்றுவிட்டார்கள். கண்டக்டர் உட்பட அறுபத்திரண்டு பேரை நிறுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. பாகூரில் ஒரு பெண் எடையில் சரியாக இருந்தது, உயரத்தில் இரண்டு விரல் அதிகம். அந்தத் தலைமையாசிரியர் “முடியை வெட்டிப் பார்க்கலாமா சார்?” என்று கேட்டார். கரையாம்புத்தூரில் எல்லாமே சரியாக அமைந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கூட மரத்தடியில் மெஷின் நின்ற இடம் தமிழ்நாட்டு எல்லைக்குள் ஒரு முழம் போயிருந்தது. “எடை பக்கத்து மாநிலத்தைச் சேர்ந்ததாயிடும்” என்று மணவாளன் கவலைப்பட்டார். மெஷினை இந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்துவதற்குள் அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டது.

கடைசியில் கரிக்கலாம்பாக்கத்தில் கிடைத்தாள் நசீரா. மளிகைக்கடை ஷரீப்பின் மகள். வாயில் ஒரு புளியங்காயை அதக்கிக்கொண்டே மெஷினில் ஏறினாள். முள் ஆடியது, நின்றது. நாற்பது அறுநூறு. பக்கிரி ‘ஆ’ என்றார். புளியங்காயோடு சேர்த்தா, நீக்கியா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலதிகாரி பேசும்போது சந்தேகம் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு அதைத் துப்பச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மணவாளன் நேரே கடைக்குப் போனார். பின்னால் நான், எனக்குப் பின்னால் மாலையோடு பக்கிரி.

“பாய், நசீரா இனிமே உங்க பொண்ணு மட்டும் இல்ல.”

ஷரீப்பின் கையிலிருந்த பருப்பு தராசுத் தட்டுக்கு வெளியே கொட்டியது. “இன்னா சார் சொல்றீங்க? இன்னா பண்ணா எம்பொண்ணு?”

“ஒண்ணும் பண்ணல. சரியா இருக்கா. ரெண்டு கொம்யூன்லயும் சரியா இருக்கற ஒரே பொண்ணு. மாதிரிச் சிறுமின்னு பட்டம் குடுக்கப் போறோம். அடுத்த மாசம் இருபதாம் தேதி அமைச்சர் வந்து மேடையில நிறுத்துப் பாப்பாரு. அதுவரைக்கும் இவ கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“வளர்ற பொண்ணு சார்.”

“வளரட்டுமே! யாரு வேணாங்கறா? விழா முடிஞ்சதும் வளரட்டும்.”

ஷரீப் கொட்டிய பருப்பைக் கூட்டி அள்ளினார். “அரிசி மூட்டையவே ஒரு மாசம் வெச்சா எடை மாறிடும் சார். ஈரம் காயும், வண்டு துன்னும்.”

“அரிசிக்குப் பொறுப்புணர்ச்சி கெடையாது பாய். உங்க பொண்ணுக்கு இருக்கு.”

ஷரீப் மணவாளனுடைய சட்டையின் நடுப்பொத்தானைப் பார்த்தார். அது தெறிக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தது. “சார் எடை எவ்ளோ வருது?”

“அட்டவணை பதினெட்டு வயசோட முடிஞ்சிடுது” என்றார் மணவாளன்.

இருபதாம் தேதி அமைச்சருக்கு வேறு கல்யாணம் இருந்தது. அடுத்த தேதியில் சட்டசபை. அதற்கடுத்த தேதியில் பந்தல்காரர் வரவில்லை. விழா தள்ளிப்போகப் போக, எடையைக் காவல் காப்பது எங்கள் வேலையாயிற்று. திங்கட்கிழமைதோறும் காலை வழிபாடு முடிந்ததும், மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்க, நசீரா மெஷினில் ஏறுவாள். பக்கிரி எண்ணை உரக்கப் படிப்பார். நான் குறித்துக்கொள்வேன்.

நான்காவது திங்கட்கிழமை முந்நூறு கிராம் கூடியிருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்: “மேற்படி சிறுமி முந்நூறு கிராம் மிகுதியாகக் காணப்படுகிறாள். இதற்கான விளக்கம் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தரப்பட வேண்டும்.” ஷரீப் பென்சிலால் பதில் எழுதி அனுப்பினார்: “சென்ற வாரம் அவள் மாமா வீட்டுக் கல்யாணம். பிரியாணி.” மணவாளன் அதன் ஓரத்தில் எழுதினார்: “பிரியாணி விளக்கமாகாது.”

அடுத்த திங்கட்கிழமை அவர் சாக்கட்டியோடு வந்தார். முந்நூறு கிராம் எங்கே தங்கியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமாம். நசீராவை மேஜைமேல் ஏற்றி, அவளுடைய மேற்கையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். “இங்கே கொஞ்சம்.” தாடைக்குக் கீழே ஒரு கோடு. “இங்கே கொஞ்சம்.” பாவாடை நாடாவுக்கு மேலே, தாவணியின்மீதே ஒரு கோடு. “மீதி இங்கே.” பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி “ஏய் முந்நூறு கிராமு!” என்று கூப்பிட்டாள். அதுவே பெயராகிவிட்டது.

நானும் சிரித்தேன். இந்தக் கதையில் நான் மிகைப்படுத்தாமல் எழுதும் வாக்கியம் இது.

அடுத்த வாரம் முந்நூறு கிராம் போய்விட்டது. மணவாளன் பாராட்டுக் கடிதம் சொன்னார், நான் தட்டினேன். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. “பாதுகாப்பான பக்கம் இருக்கு, நல்லதுதான்” என்றார்.

அந்தச் சமயத்தில் ஷரீப் வீட்டு ஆடு கொழுக்க ஆரம்பித்தது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலே மாதத்தில் அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. கடைக்கு வருபவர்கள் எல்லாம் “இன்னா பாய் போடறீங்க இதுக்கு?” என்று கேட்டார்கள். ஷரீப்புக்குப் பெருமை. “தழைதான் போடறேன். ராசியான ஆடு” என்பார். நசீராவின் தட்டு தினமும் கழுவியதுபோல் காலியாகிறது என்று அவள் அம்மா ரசியாவுக்கும் பெருமை. தட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே ஒரு கொல்லைக்கதவு இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

பிறகு ரமலான் வந்தது. நசீரா முப்பது நோன்பும் விடாமல் பிடிக்க முனைந்தாள். பெருநாள் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் விட்ட நோன்பைப் பிறகு பிடித்து ஈடுகட்டுவது வழக்கம். வீட்டில் யாரும் தடுக்க முடியாது, தடுப்பது பாவம். ரசியா முதலில் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஒரு மாதம் போயிற்று.

“வுட்டதா நீ சொன்னது ஏழு நோன்புடி. நாப்பது நாளா புடிக்கிறியே, யாருக்குடி புடிக்கிற?”

“எனக்குத்தாம்மா.”

ரசியா விரல்விட்டு வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தாள். மகள் வீட்டுக்குத் தூரமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது; அப்படியானால் ரமலானில் விட்ட நோன்பே இல்லை. பர்தாவை மாட்டிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

“சார், எம்பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது. ராவுல நோன்பு தொறந்தாலும் ரெண்டு பேரீச்சம்பழம்தான். தலைமுடி கொத்துக் கொத்தா வருது. குளுருதுங்கறா, இந்த வெயில்ல போத்திக்கினு உக்காந்திருக்கா. நீங்கதான ஆரம்பிச்சீங்க, நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க.”

மணவாளன் பதிவேட்டைப் புரட்டினார். “குறைஞ்சிருக்குதான். ஆனா நாங்க முன்மாதிரிப் பிரிவு. குறைஞ்சா எதிர் வராண்டா, சத்துக்குறைவுப் பிரிவு.”

ரசியா எதிர் வராண்டாவுக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தர் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். “இந்தப் பேரு மாதிரிச் சிறுமிப் பட்டியல்ல இருக்கேம்மா. மாதிரிச் சிறுமிக்குச் சத்துக்குறைவு எப்படி வரும்? ஒரே பேரு ரெண்டு பதிவேட்டுல இருக்கக் கூடாது. அங்க அடிச்சிட்டு வாங்க, இங்க எழுதிக்கறேன்.”

இங்கே அடிக்க முடியாது என்றார் மணவாளன். விழா நடக்காமல் பட்டத்தை நீக்க விதி இல்லை. ரசியா இந்த வராண்டாவுக்கும் அந்த வராண்டாவுக்கும் பதினேழு தடவை நடந்தாள். பதினெட்டாவது தடவை பக்கிரி அவளை உட்காரவைத்து ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். அன்றைய தினம் எங்கள் கட்டடத்தில் ஒரு குடிமகளுக்குக் கிடைத்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்.

அதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. அமைச்சர் இல்லை. “ஆட்சி கவிழலாம், எடை கவிழக் கூடாது” என்ற மணவாளன், நகரத்திலிருந்து ஓர் உயரதிகாரியைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. முதல்நாள் சாயந்திரம் கடைக்குப் போனோம்.

“பாய், நாளைக்கு ஒருநாள். எடைக்கல்லு இருக்குல்ல? ரெண்டு கிலோ, ஒரு கிலோ எல்லாம். துணியில வெச்சுத் தெச்சு, பாவாடைக்குள்ள இடுப்புல கட்டிடுங்க. கணக்கு நாங்க போட்டுக் குடுக்கறோம்.”

ஷரீப் தராசுத் தட்டிலிருந்து இரண்டு கிலோ கல்லை எடுத்தார்.

“இருபத்தஞ்சு வருசமா இந்த ஊரு என்னை எடை கொறைக்கறான்னு சொல்லுது சார். இன்னிக்குத்தான் கூட்டி வெக்கச் சொல்றாங்க. அதுவும் பெத்த பொண்ணு மேல.” பிறகு கேட்டார்: “இது முடிஞ்சா அவ துன்னலாமா?”

“முடிஞ்சா முடிஞ்சது பாய். அப்புறம் அவ இஷ்டம்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஷரீப் ஊசியில் நூலைக் கோத்தார்.

விழாவுக்கு இரண்டு கொம்யூன் ஜனமும் வந்திருந்தது. மணவாளனின் பேச்சை நான்தான் எழுதினேன் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அந்த அளவுக்கு எனக்குக் கற்பனை போதாது.

“பெரியோர்களே, தாய்மார்களே! இந்தச் சிறுமியைப் பாருங்கள். பதினோரு மாதமாக இவள் வளரவில்லை! மற்ற பிள்ளைகள் எல்லாம் பொறுப்பில்லாமல் வளர்ந்துகொண்டே போகும்போது, இவள் அரசாங்கத்துக்காகக் காத்திருந்தாள். உங்கள் பிள்ளை பசிக்கிறது என்று சொன்னால் உடனே பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள். முதலில் அட்டவணையைப் பாருங்கள். பிறகு நேரம் இருந்தால் பிள்ளையைப் பாருங்கள்!”

நசீரா மெஷினில் ஏறினாள். தாவணியை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். முள் ஆடியது, நின்றது. பக்கிரி படித்தார்: “நாப்பது கிலோ அறுநூறு கிராம்.” கைத்தட்டல் பாகூர் ஏரிவரை கேட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் பதக்கத்தை எடுத்து நிமிர்வதற்குள் அவள் அப்படியே மடிந்து விழுந்தாள். துணி கிழிந்து, எடைக்கற்கள் மேடைப் பலகையில் டங் டங்கென்று உருண்டன. இரண்டு கிலோ கல் ஒன்று நிதானமாக உருண்டுபோய்ச் சிறப்பு விருந்தினரின் பூட்ஸில் இடித்து நின்றது.

“வாட் இஸ் திஸ், மணவாளன்?”

“இரும்புச் சத்து சார்.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ‘முந்நூறு கிராமு’ என்று கூப்பிட்ட பெண் முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். ஷரீப் மேடையேறி மகளைத் தூக்கினார். மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் மனிதர் அவர். தூக்கியதும் அவர் முகம் மாறியது. எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்த எண்ணை யாருக்கும் சொல்லவில்லை. நானும் அதை எங்கும் எழுதவில்லை. அதுவரை எழுதிய எண்களே போதும்.

வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் ஒன்றின் வளாகத்தில், அல்போன்சா சிஸ்டர் நடத்திய சின்ன மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். நகரத்து டாக்டர் வந்து பார்த்து, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் நானும் பக்கிரியும் போனோம். அங்கேயும் ஒரு எடை மெஷின் இருந்தது. அதன் முகத்தில் சிஸ்டர் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். நிறுக்கும்போது நசீராவைத் திருப்பி நிற்கவைத்து, துண்டை விலக்கி, தான்மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

“சிஸ்டர், முள்ளு எங்க நின்னுச்சு?”

“துண்டுக்குள்ள நின்னுச்சு.”

“கூடிப்போச்சா? சொல்லுங்க சிஸ்டர். தோ பாருங்க, இங்க இன்னும் இருக்கு.” எலும்பின்மேல் தோலைக் கிள்ளிக் காட்டினாள். அது சாக்கட்டிக் கோடு போட்ட இடம். “சார் கோடு போட்டாரே, அது போகவே இல்ல.”

ரசியா பொறுக்கமுடியாமல் கத்தினாள்: “எலும்பாட்டம் கெடக்கறடி! அடம் புடிக்காத, வாயத் தொற!”

“அதட்டாதீங்கம்மா” என்றார் சிஸ்டர். “அடம் இல்ல, சீக்கு. காய்ச்சல்ல இருக்கற புள்ளைய ஏண்டி சுடுறேன்னு திட்டுவீங்களா? அது கண்ணாடியப் பாத்தா நீங்க பாக்கற பொண்ணு அதுக்குத் தெரியறதில்ல. மேஜைமேல ஏத்தி நிறுத்தன பொண்ணுதான் தெரியுது. எறங்கி வர நாளாவும்.”

நசீரா அப்பாவைப் பார்த்தாள். “விழா முடியல அத்தா. நான் பாதியில வுழுந்துட்டேன். முடிஞ்சிதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டும், துன்றேன்.”

ஷரீப் அன்றே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரே ஒரு வரி கேட்டார். நசீரா சாப்பிடலாம், இப்படிக்கு மணவாளன்.

மணவாளன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எழுத்துல குடுக்க முடியாது பாய். சாப்பிடலாம்னு எழுதிக் குடுத்தா, அதுவரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னு நான் சொன்னதா ஆயிடும். நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா? கூடவும் வேணாம், குறையவும் வேணாம்னேன். அவ்வளவுதானே? அவளா கொறைஞ்சதுக்கு ஆபீஸ் என்ன பண்ணும்? அதோட விழா பாதியில நிக்குது, கோப்பு தொறந்திருக்கு. இன்னொரு தரம் நிறுத்தாத்தான் மூட முடியும்.”

ஷரீப் எழுந்து போனார். மணவாளன் காப்பி குடிக்கப் போனார். நான் தட்டச்சு மெஷினில் தாளைச் சொருகினேன். நசீராவைப் பற்றி முப்பத்திரண்டு குறிப்பாணைகள் தட்டிய கை; முப்பத்துமூன்றாவதை யாரும் சொல்லாமலே தட்டியது.

“பொருள்: செல்வி நசீரா உண்பது குறித்து. மேற்படியார் தம் விருப்பம்போல் உண்ணலாம், வளரலாம், கூடலாம், குறையலாம். அவர் உடலைப் பற்றி இவ்வலுவலகத்துக்கு இனி எவ்விதக் கருத்தும் இல்லை. இதற்கு முன் இருந்த கருத்துகளுக்கு வருந்துகிறது.”

மணவாளனின் கையெழுத்தை நான் போட்டேன். பக்கிரி மேஜை இழுப்பறையைத் திறந்து, முத்திரையை மூன்று முறை குத்தினார். “ஒண்ணு போதும்பா” என்றேன். “இருக்கட்டும் சார். வலுவா இருக்கட்டும்” என்றார்.

மருந்தகத்தில், நாங்கள் கொடுத்த தாளை ஷரீப் மகளிடம் நீட்டியபோது நாங்கள் வாசலில் நின்றோம். நசீரா முழுவதையும் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு முத்திரைக்குக் கீழே விரலை வைத்தாள். முப்பத்திரண்டு தாள்களை மனப்பாடமாகப் படித்த பெண் அவள்.

“இது அவரு கையெழுத்து இல்ல.”

ஷரீப் என்னைப் பார்த்தார். நான் பக்கிரியைப் பார்த்தேன். பக்கிரி சுவரைப் பார்த்தார். ரசியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அல்போன்சா சிஸ்டர் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆமா. அவரு கையெழுத்து இல்ல. அவரு போட மாட்டாரு. யாருமே போட மாட்டாங்கம்மா, அப்படி ஒரு தாளு எந்த ஆபீஸ்லயும் கெடையாது. பயமாத்தான் இருக்கும். பயந்துகினே ஒரு வாய் துன்னு. நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். கஞ்சி ஆறுது.”

நசீரா தாளை நான்காக மடித்தாள். மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள். கிண்ணம் சூடாக இருந்தது.

அவள் கொல்லைக்கதவைத் தாண்டி ஆட்டுக்குப் போகாமல் ஒரு தட்டுச் சோற்றை முடிப்பதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை மீண்டும் படுத்தாள். அந்தக் கோப்பு, எனக்குத் தெரிந்து, இன்னும் மூடப்படவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள். எத்தனை கரண்டி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பழக்கத்தில் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், உள்ளே வைத்துவிட்டேன்.